ராமர் தீர்த்தத்துக்கு மேலே ஒரு தோட்டம்

சித்திரை மாதத்தில் அரூரிலிருந்து தீர்த்தமலைக்குப் போகிறவர்கள் வழியில் எங்காவது ஒரு போர்வெல் வண்டியைப் பார்ப்பார்கள். காய்ந்துபோன மரவள்ளிக் காட்டின் நடுவே வண்டி நிற்கும். குழியிலிருந்து வெளுத்த கல்மாவு புகையாக எழும். ஓரத்தில் வேப்பமர நிழலில் அந்தக் காட்டுக்காரர் குடும்பம் உட்கார்ந்து, புகை எப்போது ஈரமாகும் என்று பார்த்துக்கொண்டிருக்கும். எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று கம்பி இறங்கிக்கொண்டே போகும். அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் மலையடிவாரம் வந்துவிடும். மலையேறி மேலே போனால், தலைக்கு மேல் சுமார் 30 அடி உயரத்தில் பாறை விளிம்பிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. அதுதான் ராமர் தீர்த்தம்.

கீழே ஆயிரம் அடியில் அகப்படாத தண்ணீர் மலைமேல் எப்படி இருக்கிறது? சின்ன வயதில் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறியபோது நான் கேட்ட கேள்வி இது. "ராமர் விட்ட அம்பு கண்ணு, அது நிக்காது" என்று ஆயா சொன்னது. அந்தப் பதிலை நான் இன்றைக்கும் தள்ளிவிடவில்லை. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய வேறு சில விஷயங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

தர்மபுரி மாவட்டம் அரூரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது தீர்த்தமலை. அடிவாரத்தில் ஒரு கோயில், மலைமேல் ஒரு கோயில். சுவாமி தீர்த்தகிரீசுவரர், அம்மன் வடிவாம்பிகை. மேல்கோயிலைச் சுற்றி ராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்னி என்று ஐந்து தீர்த்தங்கள். 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் வந்து இங்குள்ள முருகனைப் பாடியிருக்கிறார். ஆக, குறைந்தது 500 ஆண்டுகளாக இந்தத் தண்ணீரைத் தேடி மனிதர்கள் மலையேறிக்கொண்டிருக்கிறார்கள். மலைக்குப் பெயரே தண்ணீரால் வந்தது. தெய்வத்துக்கும் அப்படித்தான்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமர் இங்கே சிவபூசை செய்ய நினைக்கிறார். கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்புகிறார். அனுமன் வர நேரமாகிறது, பூசை வேளை தப்பப் பார்க்கிறது. ராமர் மலையை நோக்கி அம்பு விடுகிறார், பாறை பிளந்து நீர் கொட்டுகிறது. பிறகு வந்து சேர்ந்த அனுமன், தான் கொண்டுவந்த நீருக்கு வேலையில்லாமல் போனதைக் கண்டு அதை வீசியெறிய, அது தென்பெண்ணைக் கரையில் விழுந்து அனுமந்தீர்த்தமானது. ஊத்தங்கரை போகும் வழியில் இருக்கிறது அந்த ஊர். அனுமந்தீர்த்தத்தில் முதலில் குளித்துவிட்டுத்தான் ராமர் தீர்த்தத்துக்கு வர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் நிற்க இடமிருக்காது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. தண்ணீர் வானத்திலிருந்து இறங்கவில்லை, ஆற்றைத் திருப்பியும் வரவில்லை. பாறையில் ஒரு பிளவு விழுகிறது, அதன் வழியாக வருகிறது. கதை கட்டியவர் அந்தப் பாறையை நெருங்கிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் நிலத்தடி நீரைப் படித்தவர்கள் சொல்வதும் பிளவைத்தான்.

அதற்கு முன் சொல் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சுனை, ஊற்று இரண்டையும் நாம் கலந்தே பேசுகிறோம். மலைமேல் பாறைப் பள்ளத்தில் தேங்கி நிற்கும் நீரைப் பெரும்பாலும் சுனை என்கிறோம். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையிலும் ராயக்கோட்டையிலும் இருப்பவை அந்த வகை. 18ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் போர்களின்போது இந்த மலைக்கோட்டைகளுக்குள் படைகள் தங்க முடிந்ததே மேலே தண்ணீர் நின்றதால்தான். மழை நீர் விழுந்து பாறைக் குழியில் தங்கும், வெயிலில் குறையும், அடுத்த மழையில் நிரம்பும். அது தொட்டியைப் போன்றது. ஊற்று வேறு. ஊற்றில் இன்று வரும் நீர் இன்றைய மழையாக இருக்காது. போன ஐப்பசியிலோ அதற்கு முந்தைய ஆண்டிலோ எங்கோ மேலே விழுந்து, மண்ணுக்குள் இறங்கி, இருட்டில் நடந்து வந்த நீர் அது. சில சுனைகளின் அடியில் ஊற்றுக்கண் இருக்கும். அவை கோடையிலும் வற்றாது.

நம் பக்கத்துப் பாறை, பொதுவாகக் கருங்கல் என்று நாம் சொல்லும் நைஸ், சார்னோகைட் வகையைச் சேர்ந்தது. 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. உலகத்தின் பழைய பாறைகளில் சேர்த்தி. மணற்கல் தண்ணீரைக் குடிக்கும், இந்தப் பாறை குடிக்காது. ஒரு துண்டை உடைத்து ஒரு நாள் முழுக்க ஊறவைத்தாலும் உள்ளே நனையாது. அதனால் இந்த ஊரில் நிலத்தடி நீர் என்றால் இரண்டே இடங்களில்தான் இருக்க முடியும். ஒன்று, பாறைக்கு மேல் அதே பாறை வெயிலிலும் மழையிலும் நைந்து உதிர்ந்து உண்டான மொரம்பு. மற்றொன்று, அதற்குக் கீழே பாறையில் ஓடும் வெடிப்புகள். மொரம்பு பஞ்சு மாதிரி, வெடிப்பு குழாய் மாதிரி. பஞ்சில் தேங்குவது குழாயில் இறங்கும்.

மலையில் என்ன ஆகிறது என்றால், உச்சியிலும் சரிவிலும் விழும் மழையில் ஒரு பகுதி சருகுக்கும் வேருக்கும் நடுவே தங்கி மொரம்புக்குள் போகிறது. அங்கிருந்து வெடிப்பு வழியாகக் கீழே நகர்கிறது. மலையின் ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டுப்பட்டு நிற்கும் இடத்தில் அந்த வெடிப்பு வெளியில் திறந்துகொள்கிறது. தண்ணீருக்கு அதற்கு மேல் போக்கிடம் இல்லை, விழுகிறது. பாறை முகத்தில் வெடிப்பு வாய் திறந்திருக்கும் உயரம்தான் தீர்த்தத்தின் உயரம்.

அப்படியானால் கீழே ஏன் இல்லை? வெடிப்புகள் எவ்வளவு ஆழத்துக்கும் போகாது. மேலிருக்கும் பாறையின் கனம் அழுத்த அழுத்த, ஆழம் போகப் போக அவை இறுகி மூடிக்கொள்கின்றன. சில நூறு அடிக்குக் கீழே வெடிப்பு அகப்படுவது அதிர்ஷ்டம். அப்படி அகப்படும் ஒரு வெடிப்பையும் சுற்றுவட்டாரத்தில் பத்து இருபது மோட்டார்கள் ஏற்கெனவே உறிஞ்சிக்கொண்டிருக்கும். மலைமேல் மோட்டார் வைத்தவர் யாரும் இல்லை. ஊற்று நிரம்பி வழிவதை மட்டுமே வெளியே விடும். வரவுக்குள் செலவு செய்கிற குடும்பம் அது. தர்மபுரி சமவெளியில் நாம் அந்தக் கணக்கை மறந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மேற்கு மலைகளின் மழைமறைவில் இருக்கும் தர்மபுரி மாவட்டத்தில் ஆண்டுக்கு 850 மில்லிமீட்டரை ஒட்டி மழை. தென்மேற்கும் வடகிழக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது. ஒரு ஏக்கரில் அவ்வளவு மழையும் விழுந்தால் 34 லட்சம் லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பாறைக்குள் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 940 லிட்டர் வருகிறது. ஐந்து ஏக்கர் மலைச்சரிவு இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு குடம், பகலும் இரவும், ஆண்டு முழுக்க. பார்க்க மெல்லிய கம்பி மாதிரி விழும் நீருக்குப் பின்னால் ஐந்து ஏக்கர் காடு வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தச் சரிவு வழுக்குப் பாறையாக மாறி, பத்தில் ஒரு பங்கு நூற்றில் இரண்டாகக் குறைந்தால் குடம் நிரம்ப இருபத்தைந்து நிமிடம் ஆகும். மழை அதே மழைதான். மேலே நின்று அதைப் பிடித்துவைக்க ஆள் இல்லை, அதுதான் வித்தியாசம்.

இதை எனக்குக் கண்ணுக்கு நேரே காட்டியது ஸ்ரீநகர். சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு போயிருந்தபோது சஷ்மே ஷாஹி தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். சஷ்மா என்றால் ஊற்று, ஷாஹி என்றால் அரசருக்குரியது. ஜபர்வன் மலைச்சரிவில், தால் ஏரியைப் பார்த்தபடி, ஷாஜகான் காலத்தில் 17ஆம் நூற்றாண்டில் உருவான தோட்டம். ஸ்ரீநகரின் பெயர்பெற்ற முகலாயத் தோட்டங்களில் இதுதான் சிறியது. மேல்தட்டில் ஒரு மண்டபத்துக்குள் ஊற்று பிறக்கிறது. அங்கிருந்து கல் வாய்க்காலில் தோட்டத்தின் நடுவாக ஓடி, சாய்த்து வைத்த கற்பலகையில் வழுகி இறங்கி, அடுத்த தட்டில் தொட்டியில் தேங்கி, நீரூற்றாகப் பீச்சி, மறுபடி இறங்குகிறது. எந்திரம் எதுவும் இல்லாமல் மலையின் சாய்வை வைத்தே இவ்வளவையும் செய்திருக்கிறார்கள். ஊற்று வாயில் ஊர் மக்கள் பாட்டிலும் கேனுமாக வரிசையில் நின்றார்கள். வயிற்றுக்கு நல்லது என்று எங்களிடமும் ஒருவர் ஒரு குவளை நீட்டினார். பல் கூசும் குளிர்ச்சி. அப்போது எனக்கு ஆயாவின் பித்தளைச் சொம்பு நினைவுக்கு வந்தது. ராமர் தீர்த்தத்தில் பிடித்து, மூடிக்குத் துணி கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து, காய்ச்சல்காரர்களுக்கு ஒரு மடக்கு கொடுக்கும் சொம்பு.

அதே காஷ்மீரில் ஜீலம் ஆற்றின் பிறப்பிடமாகச் சொல்லப்படும் வெரிநாக்கில், ஜஹாங்கீர் ஊற்றைச் சுற்றி எண்கோணத்தில் கல்தொட்டி கட்டினார். அங்கே பாறை சுண்ணாம்புக்கல். தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்துக் குகை போல வழி செய்துகொள்ளும், அதனால் ஊற்று ஆறாகவே பொங்குகிறது. மேலே பனி, அடியில் சுண்ணாம்புக்கல், சரிவெங்கும் ஊசியிலைக் காடு. நம் மலைக்கு அந்த மூன்றுமே கிடையாது. நமக்கு இருப்பது கருங்கல்லில் விரல் நுழையும் வெடிப்பும் இரண்டு பருவ மழையும். அவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு மலை நூற்றாண்டுகளாக வற்றாமல் தருகிறது என்றால் எனக்கு வெரிநாக்கைவிட ராமர் தீர்த்தமே பெரிய அதிசயம்.

முகலாயர்கள் தோட்டத்தை ஊற்றுக்குக் கீழே வைத்தார்கள். கண்ணுக்கு அழகு, நடக்க நிழல். நம் கோயில்களிலும் கீழே நந்தவனம் வைப்பது வழக்கம்தான். தீர்த்தமலையின் தலமரம் பவளமல்லி. இரவில் பூத்து விடியலில் தானே உதிரும் பூ. மற்ற பூக்களைக் கீழே விழுந்தால் சாமிக்குச் சூட்டமாட்டோம், பவளமல்லியைத் தரையிலிருந்து பொறுக்கியே சூட்டலாம். ஆனால் ஊற்றைப் பிழைக்க வைக்கும் தோட்டம் ஊற்றுக்கு மேலே இருக்கிறது. நாம் அண்ணாந்து ராமர் தீர்த்தத்தைப் பார்க்கிறோம், அதற்கும் மேலே நிற்கும் காட்டைப் பார்ப்பதில்லை. உசிலை, வெப்பாலை, காட்டு நெல்லி, இடுக்கில் வேர்விட்ட இச்சி, முட்புதர், போதைப்புல். பூந்தோட்டத்தின் அழகு அதற்குக் கிடையாது, கோடையில் மொட்டையாக நிற்கும். இலையைக் கொட்டிவிட்டு நிற்பதாலேயே அந்த மரங்கள் கோடையில் தண்ணீரை அதிகம் குடிப்பதில்லை. கொட்டிய இலை சருகாகி, மட்கி, அடுத்த மழையின் முதல் அடியை வாங்கிக்கொள்கிறது. சருகு இல்லாத வெறும் மண்ணில் மழைத்துளி நேராக அடித்தால் மேல்மண் இறுகி ஓடு கட்டிக்கொள்ளும். அப்புறம் விழும் தண்ணீரெல்லாம் செம்மண் குழம்பாக ஓடைக்குப் போகும். ஆடு மாடு மேய்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எந்தச் சரிவில் மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கி ஓடுகிறது, எதில் தெளிந்து கசிகிறது என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மலை நீரின் இன்னொரு மதிப்பை தர்மபுரிக்காரர்களுக்குப் பல்லைக் காட்டியே சொல்லலாம். பழுப்புக் கோடு விழுந்த பற்கள் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இருந்தன. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் அதைத் தாண்டிய கிணறுகளும் போர்வெல்களும் ஏராளம். முதலில் பல், பிறகு மூட்டு, முதுகெலும்பு. காரணம் வெளியிலிருந்து வந்த கழிவு அல்ல, நம் பாறையேதான். அதிலிருக்கும் சில கனிமங்கள் ஃபுளோரைடை மெல்ல மெல்ல நீரில் விடுகின்றன. தண்ணீர் பாறையோடு எவ்வளவு காலம் ஒட்டிக் கிடக்கிறதோ அவ்வளவு ஏறும். ஆழமான போர்வெல்லில் வருவது நெடுங்காலம் உள்ளே கிடந்த நீர். மலை ஊற்றில் வருவது மழையாக விழுந்து சில மாதமோ சில ஆண்டோ ஆன இளைய நீர், பாறையிடமிருந்து அதிகம் வாங்கிக்கொள்ள நேரமில்லாதது. ஆயா நல்ல தண்ணி என்று சொன்னதில் பக்தியோடு இந்த உண்மையும் இருந்திருக்கிறது.

இந்த ஃபுளோரைடுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் நிதியுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, 2013இல் திறந்தார்கள். காவிரி நீர் இன்று இரண்டு மாவட்டத்து ஊர்களுக்கும் குழாயில் வருகிறது. அது பெரிய நன்மை, சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீர் குழாயில் வருகிறது என்பதால் மலையை மறந்துவிடலாம் என்று ஆகிவிடாது. தென்பெண்ணைக்கு இறங்கும் ஓடைகளும் அடிவாரத்துக் கிணறுகளும் இன்னும் இந்த மலைகளின் கசிவை நம்பித்தான் இருக்கின்றன.

மலைக்கு வரும் கெடுதல்களில் முதலாவது தீ. மாசி, பங்குனியில் காய்ந்த புல்லில் ஒரு பீடித்துண்டு போதும். மரம் பல சமயம் தப்பித்துவிடும், சருகுப் படுகை ஒரே இரவில் போய்விடும். அது மறுபடி சேர ஆண்டுகள் ஆகும். அடுத்தது கல் வெட்டுவது. நம் மாவட்டங்களின் கருங்கல்லுக்கு வெளியூரிலும் வெளிநாட்டிலும் விலை உண்டு. ஊற்றுள்ள குன்றுக்குப் பக்கத்தில் வெடி வைத்தால், அந்த அதிர்வில் வெடிப்பு வேறு பக்கம் திறந்து, நூறு தலைமுறை குடித்த ஊற்று இடம் மாறிப் போகலாம். மூன்றாவதாக நாம். தீர்த்தத்தில் குளிக்கும்போது சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் கொண்டுபோகிறோம், நனைந்த துணியைப் பாறையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். பாறை வழியாக வந்த நீர் தெளிவாக இருப்பதாலேயே கிருமி இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெடிப்பு, மண்ணைப் போல வடிகட்டாது. மேலே மனிதர்கள் அசுத்தம் செய்தால் கீழே அப்படியே வரும். குழந்தைகளுக்குக் கொடுப்பதானால் காய்ச்சிக் கொடுப்பது நல்லது. தீர்த்தத்தின் பெருமை அதனால் குறையாது.

ஊற்றைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்றால், முடியும் என்று சிக்கிம் காட்டியிருக்கிறது. அங்கே மலைக் கிராமங்கள் முழுக்க ஊற்று நீரையே குடிக்கின்றன. அவை ஒவ்வொன்றாக வற்றத் தொடங்கியபோது 2008இல் மாநில அரசு ஒரு வேலையைத் தொடங்கியது. வற்றிய ஊற்றின் வாயில் சிமெண்ட் தொட்டி கட்டுவதை விட்டுவிட்டு, அதற்கு நீர் எந்தச் சரிவிலிருந்து வருகிறது என்று பாறையின் சாய்வை வைத்துக் கண்டுபிடித்து, அந்தச் சரிவில் சமமட்டத்தில் பள்ளங்கள் வெட்டினார்கள். மழை அதில் நின்று இறங்கியது. பல ஊற்றுகள் மீண்டன. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், நீர் வரும் சரிவு ஊற்றுக்கு நேர் மேலேயே இருக்க வேண்டியதில்லை. பாறை சாய்ந்திருக்கும் போக்கில் மலையின் மறுபக்கமாகவும் இருக்கலாம். நாட்டில் 50 லட்சம் ஊற்றுகள் இருக்கலாம் என்று 2018இல் நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது, இமயத்தில் பாதிக்குப் பாதி வற்றிவருகின்றன என்றும் சொன்னது. நம் பேச்சில் ஊற்று என்றாலே இமயமலை ஆகிவிடுகிறது. சித்தேரி, கல்வராயன், தீர்த்தமலை ஊற்றுகளை உட்கார்ந்து எண்ணி, அளந்து, ஊர் ஊராக ஒரு நோட்டில் எழுதிவைப்பது நம்மால் முடியாத வேலை அல்ல.

தீர்த்தமலைக்குப் போக நினைக்கிறவர்கள் ஐப்பசி மழை முடிந்து மார்கழி, தை மாதங்களில் போகலாம். உள்ளே இறங்கிய மழை வந்து சேர்ந்து தீர்த்தங்கள் செழிப்பாக விழும் காலம் அது. திருவிழா பார்க்க வேண்டுமென்றால் மாசி மகம். நடந்துதான் ஏற வேண்டும், நிதானமாக ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. விடியலில் தொடங்கிவிடுவது உத்தமம், வெயில் ஏறினால் படி சுடும். கையில் தின்பண்டப் பையைத் தொங்கவிட்டால் குரங்குகள் விடாது. மேலே போய், தீர்த்தத்தில் நனைந்து, சாமி கும்பிட்ட பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, தண்ணீர் விழும் விளிம்புக்கு மேலே என்ன பச்சை இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யலாம். கூட்டம் இல்லாத நேரத்தில், அளவு தெரிந்த ஒரு பாத்திரத்தைத் தீர்த்தத்தின் கீழ் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பார்த்து, தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஊற்றின் நாடி பிடிப்பது இவ்வளவுதான். பத்துப் பேர் பத்து ஆண்டு குறித்தால், மலை இளைக்கிறதா தேறுகிறதா என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்காது. ஆயா இருந்த காலத்தில் எத்தனை விநாடியில் சொம்பு நிரம்பியது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. போன தை மாதம் அதே பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு போய் முதல் அளவை எடுத்துவந்தேன். மாசி மகத்துக்கு ஏறும்போது இரண்டாவது.